பொம்மைக் கேமராவுக்குள் ஒளி என்ன செய்கிறது?

ஹோல்கா என்று ஒரு கேமரா இருக்கிறது. எடை சுமார் 200 கிராம். உடம்பு பிளாஸ்டிக், லென்ஸும் பிளாஸ்டிக். பேட்டரி போட வேண்டாம், சார்ஜ் ஏற்ற வேண்டாம். எடுத்த படத்தை உடனே காட்டும் திரையும் கிடையாது. உள்ளே ஒரு பிலிம் ரோலைப் போட்டு, லென்ஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்புகோலைக் கீழே தட்டினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். படம் எடுத்தாயிற்று!

ரோல் முடிந்து, பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டுப் பார்த்தால் முதலில் திகைப்பாக இருக்கும். படத்தின் நடுப்பகுதி தெளிவாக இருக்கிறது. ஓரத்துக்குப் போகப் போக மங்குகிறது. நான்கு மூலைகளும் கறுத்திருக்கின்றன. சில படங்களில் எங்கிருந்தோ நுழைந்த வெளிச்சம் சிவப்புத் திட்டாக விழுந்திருக்கிறது. கேமரா கெட்டுப்போய்விட்டதா? இல்லை. ஹோல்கா எடுக்கும் படமே இப்படித்தான் இருக்கும்.

இத்தகைய கேமராக்களைப் 'பொம்மைக் கேமரா' என்கிறார்கள். இவற்றில் படம் எடுப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. செல்பேசிக் கேமராவும் விலை உயர்ந்த கேமராவும் ஒளியின் இயல்பான குணங்கள் பலவற்றைத் திருத்தி, நம் கண்ணில் படாமல் செய்துவிடுகின்றன. பொம்மைக் கேமராவுக்குத் திருத்தத் தெரியாது. ஒளி எப்படி நடந்துகொள்கிறதோ அது அப்படியே பிலிமில் பதிந்துவிடும். ஆகவே அதில் எடுத்த ஒவ்வொரு படத்தையும் ஓர் அறிவியல் சோதனையின் முடிவாகப் படிக்கலாம். எப்படிப் படிப்பது என்று பார்ப்போமா, நண்பர்களே?

ஒரு டாலரில் தொடங்கிய கதை

சிறுவர்களும் வாங்கக்கூடிய கேமரா என்ற எண்ணம் பழையது. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1900ஆம் ஆண்டில் 'பிரௌனி' என்ற கேமராவை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. ஓர் அட்டைப் பெட்டி, முன்னால் ஒரு லென்ஸ், ஒரு ஷட்டர். ஆறு படம் எடுக்கும் பிலிம் ரோலின் விலை 15 சென்ட். அந்தக் காலத்துச் சிறுவர் கதைகளில் வந்த குறும்புக்காரக் குள்ளர்களின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1916இல் ஆன்சல் ஆடம்ஸ் என்ற 14 வயதுப் பையன் பெற்றோருடன் கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது அவன் கையில் இருந்தது ஒரு பிரௌனி. மலைகளையும் காடுகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான்.

பிரௌனியின் அடுத்த வகைக்காக 1901இல் '120' என்ற எண்ணோடு ஒரு பிலிம் ரோல் வந்தது. அகலம் ஏறத்தாழ 6 செ.மீ. வெளிச்சம் படாமல் இருக்கப் பிலிமின் முதுகில் ஒரு காகிதம் சேர்த்துச் சுற்றியிருக்கும். எத்தனையோ கேமராக்கள் வந்து போய்விட்டன, 120 ரோல் மட்டும் இன்றைக்கும் தயாராகிறது. நம் நாட்டில் பரோடாவில் தயாரான 'அக்ஃபா கிளிக் 3' கேமராவும் இதே ரோலில் 12 படம் எடுக்கும். உங்கள் தாத்தா பாட்டியின் இளவயதுப் படங்களில் சில அந்தக் கேமரா எடுத்தவையாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

1960களில் ஹாங்காங்கின் கௌலூன் பகுதியில் இருந்த 'கிரேட் வால்' பிளாஸ்டிக் தொழிற்சாலை 'டயானா' என்ற கேமராவைச் செய்தது. 120 ரோலில் 16 சதுரப் படங்கள் எடுக்கும். 1982இல் அதே ஹாங்காங்கில் டி. எம். லீ என்பவர் வடிவமைத்த ஹோல்கா விற்பனைக்கு வந்தது. அப்போது சீனாவில் எங்கும் கிடைத்தது 120 ரோல்தான். சாதாரணக் குடும்பங்களும் படம் எடுக்கட்டும் என்று மலிவாகச் செய்தார்கள். 2015இல் ஹோல்கா உற்பத்தி நின்றபோது அன்பர்கள் வருந்தினார்கள். 2017இல் மீண்டும் தொடங்கிவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது?

ஹோல்காவைப் பிரித்துப் பார்த்தால் எண்ணிச் சொல்லக்கூடிய பாகங்கள்தான் இருக்கும். முன்னால் ஒரே ஒரு லென்ஸ். ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் குழிவாகவும் இருப்பதால் இதைப் பிறைவடிவ லென்ஸ் என்பார்கள். அதன் பின்னால் நடுவில் துளை உள்ள ஒரு தகடு. அதை ஒட்டி ஒரு ஸ்பிரிங் இழுக்கும் சிறு உலோகத் தகடு, அதுதான் ஷட்டர். பிறகு வெறும் இருட்டுப் பெட்டி. கடைசியில் பிலிம்.

ஷட்டர் ஏறத்தாழ ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும். அந்தச் சின்ன நேரத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைக்காதீர்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் சைக்கிளில் போகிறார் என்று வையுங்கள். ஒரு விநாடியில் 5 மீட்டர் போவார். நூறில் ஒரு பங்கு விநாடியில் 5 சென்டிமீட்டர் போவார். பக்கத்தில் நின்று குறுக்கே எடுத்தால் அந்த 5 செ.மீ. நகர்வு படத்தில் கோடாக இழுத்துக்கொண்டு தெரியும். தூரத்தில் நின்று எடுத்தால் அதே நகர்வு பிலிமில் மிகச் சிறியதாகிவிடும், சைக்கிள் நின்றுகொண்டிருப்பதாகவே தோன்றும்.

லென்ஸைச் சுற்றி நான்கு சின்னப் படங்கள் வரைந்திருக்கும்: ஒரு மனிதர், மூன்று பேர், ஒரு கூட்டம், ஒரு மலை. இவை முறையே 1 மீட்டர், 2 மீட்டர், 6 மீட்டர், 10 மீட்டருக்கு அப்பால் என்ற தூரங்களைக் குறிக்கின்றன. வளையத்தைத் திருகினால் லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். எவ்வளவு நகர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஹோல்கா லென்ஸின் குவியத்தூரம் 60 மில்லிமீட்டர். வெகு தூரத்து மலையின் பிம்பம் லென்ஸிலிருந்து 60 மி.மீ. தள்ளி விழும். 1 மீட்டரில் நிற்கும் உங்கள் தங்கையின் பிம்பம் சுமார் 63.8 மி.மீ. தள்ளி விழும். மலைக்கும் தங்கைக்கும் இடையே லென்ஸ் நகர வேண்டிய தூரம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை!

மூலை ஏன் இருட்டு?

இதுதான் பொம்மைக் கேமராப் படத்தில் எல்லாரும் முதலில் கவனிப்பது. காரணத்தை ஒரு கணக்கே சொல்லிவிடும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹோல்கா எடுக்கும் சதுரப் படத்தின் பக்கம் 56 மி.மீ. படத்தின் நடுப்புள்ளியிலிருந்து மூலைக்கு உள்ள தூரம் சுமார் 39.6 மி.மீ. லென்ஸிலிருந்து நடுப்புள்ளிக்குத் தூரம் 60 மி.மீ. அப்படியானால் லென்ஸிலிருந்து மூலைக்கு? பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 72 மி.மீ. வரும்.

இப்போது மூன்று காரியங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, மூலை தூரத்தில் இருக்கிறது. தூரம் கூடினால் ஒளி அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 60ஐ 72ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.69. இரண்டாவது, மூலையிலிருந்து பார்த்தால் லென்ஸின் வட்டத் துளை வட்டமாகத் தெரியாது, ஒடுங்கி நீள்வட்டமாகத் தெரியும். ஆகவே நுழையும் ஒளி இன்னொரு 0.83 மடங்காகிறது. மூன்றாவது, மூலையில் ஒளி பிலிம்மீது நேராக விழாமல் சாய்ந்து விழுகிறது. அதே ஒளி அதிக இடத்தில் பரவுவதால் மறுபடியும் 0.83. மூன்றையும் பெருக்குங்கள். 0.48 வரும்.

நடுவில் விழும் ஒளியில் ஏறத்தாழப் பாதிதான் மூலைக்குப் போய்ச் சேருகிறது! கேமரா எந்தத் தப்பும் செய்யவில்லை. நேர்கோட்டில் செல்லும் ஒளி ஒரு துளை வழியாக நுழைந்து ஒரு தட்டையான பரப்பில் விழுந்தால் இப்படித்தான் ஆகும். இதற்கு மேல், லென்ஸைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குழாயும் ஓரத்து ஒளியைக் கொஞ்சம் மறிக்கிறது. அதனால்தான் மூலை இன்னும் கறுக்கிறது.

செல்பேசிப் படத்தில் மூலை கறுப்பதில்லையே என்று கேட்பீர்கள். அங்கேயும் மூலைக்குக் குறைவான ஒளிதான் போகிறது. உள்ளே இருக்கும் மென்பொருள் கணக்குப் போட்டு மூலையை வெளுப்பாக்கிவிட்டு உங்களிடம் காட்டுகிறது.

ஓரம் ஏன் மங்கல்?

'பிளாஸ்டிக் லென்ஸ் என்பதால்தான் மங்கல்' என்று பலர் சொல்வார்கள். செல்பேசிகளின் லென்ஸ்களும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்! ஆனால் அங்கே ஐந்து, ஆறு, ஏழு என்று வெவ்வேறு வடிவ லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று செய்யும் பிழையை மற்றொன்று சரிசெய்கிறது. ஹோல்காவில் இருப்பது ஒன்றே ஒன்று. அதன் பிழையைத் திருத்த யாரும் இல்லை.

என்னென்ன பிழைகள்? ஒற்றை லென்ஸ் உருவாக்கும் பிம்பம் தட்டையான பரப்பில் விழுவதில்லை, குழிவான ஒரு வளைபரப்பில் விழுகிறது. பிலிமோ தட்டையாக இருக்கிறது. நடுவில் இரண்டும் ஒட்டுகின்றன, அங்கே தெளிவு. ஓரத்தில் விலகிப் போகின்றன, அங்கே மங்கல். கேமரா செய்பவர்கள் சிலர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். லென்ஸை மாற்ற முடியாவிட்டால் பிலிமை வளைத்துவிடலாமே! 1950களில் ஜெர்மனியில் வந்த 'அக்ஃபா கிளாக்' கேமராவில் பிலிம் வளைந்த தளத்தின்மேல்தான் ஓடும். ஒரு தடவை பயன்படுத்தி, பிலிமோடு ஸ்டுடியோவில் கொடுத்துவிடும் கேமராக்களிலும் இதே உத்தி உண்டு.

அடுத்த பிழை நிறத்தைச் சேர்ந்தது. லென்ஸுக்குள் நுழையும்போது நீல ஒளி கொஞ்சம் அதிகமாக வளைகிறது, சிவப்பு ஒளி கொஞ்சம் குறைவாக வளைகிறது. இரண்டும் ஒரே இடத்தில் குவிவதில்லை. வெள்ளைச் சுவரின் விளிம்பைப் படத்தின் ஓரத்தில் வருமாறு எடுத்துப் பாருங்கள். விளிம்பில் மெல்லிய நிறக்கோடு தெரியும். வானவில்லில் நிறங்களைப் பிரிக்கிற அதே ஒளிவிலகல்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

பிறைவடிவத்தை யார் யோசித்தது? இங்கிலாந்தின் வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் என்ற அறிவியலாளர். 1812இல், பிலிம் என்பதே இல்லாத காலத்தில், ஓவியர்கள் காட்சியைத் தாளில் விழச் செய்து வரையப் பயன்படுத்திய இருட்டுப் பெட்டிக்காக அவர் இதைச் சொன்னார். இருபுறமும் மேடான லென்ஸைவிட, பிறைவடிவ லென்ஸையும் சற்றுத் தள்ளி ஒரு துளைத் தகட்டையும் சேர்த்தால் ஓரம் தெளிவாகும் என்று கண்டார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு பொம்மைக் கேமராவில் அவருடைய யோசனை வேலை செய்துகொண்டிருக்கிறது.

அச்சிட்ட எண்ணை நம்பலாமா?

ஹோல்கா லென்ஸின் விளிம்பில் '1:8' என்று அச்சிட்டிருக்கும். இதை எஃப் 8 என்று படிப்பார்கள். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 60 மி.மீ.ஐ 8ஆல் வகுத்தால் துளையின் விட்டம் 7.5 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் ஆர்வலர்கள் கேமராவைத் திறந்து அளந்து பார்த்தபோது உள்ளே இருந்த தகட்டின் துளை அதைவிடச் சிறியது என்று தெரிந்தது. உண்மையான எண் எஃப் 13க்குப் பக்கத்தில் வருகிறது.

இன்னொரு வேடிக்கை. லென்ஸின் மேல் சூரியன், மேகம் என்று இரண்டு படம் போட்ட ஒரு விசை உண்டு. வெயிலில் ஒளியைக் குறைக்கவும் மேகமூட்டத்தில் கூட்டவும் வைத்தது. பழைய ஹோல்காக்களில் இந்த விசை ஒரு தகட்டை நகர்த்தும். ஆனால் அந்தத் தகட்டின் துளை, நிலையான துளையைவிடப் பெரியது! எந்தப் பக்கம் தள்ளினாலும் உள்ளே போகும் ஒளி ஒன்றுதான். எழுதியிருப்பதை ஏற்றுக்கொள்ளாமல் அளந்து பார்த்தவர்கள்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். அறிவியலுக்கு முதல் பாடம் அதுவே.

சரி, எந்தப் பிலிம் போடலாம்? புகைப்படக்காரர்களிடம் ஓர் எளிய விதி உண்டு. பளிச்சென்ற வெயிலில் எஃப் 16 வைத்தால், ஷட்டர் நேரம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணில் (பிலிம் ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் எண்) ஒரு பங்கு விநாடி. ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு நூறில் ஒரு பங்கு விநாடி. ஹோல்காவின் ஷட்டரும் ஏறத்தாழ அதுதான்! ஆகவே நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு ஐஎஸ்ஓ 100 பொருத்தம். ஐப்பசி மழை மேகத்துக்கு, நான்கு மடங்கு கூர்மையாக ஒளியை உணரும் ஐஎஸ்ஓ 400 நல்லது. கொஞ்சம் கூடுதல் ஒளி விழுந்தால் கவலையில்லை, நெகட்டிவ் பிலிம் தாங்கிக்கொள்ளும். ஒளி குறைந்தால்தான் படம் எழும்பாது.

வெள்ளியும் கடுகும்

இப்போது பிலிமுக்குள் போவோம். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் ஜெலட்டின் பூசியிருப்பார்கள். பாயசத்தில் ஜவ்வரிசி மிதப்பதைப்போல அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள் மிதந்தபடி உறைந்திருக்கும். ஒவ்வொரு படிகமும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும்.

ஒளி ஒரு படிகத்தில் பட்டால் உள்ளிருந்து ஓர் எலக்ட்ரான் விடுபடுகிறது. அது ஒரு வெள்ளி அயனியோடு சேர்ந்து ஒரு வெள்ளி அணுவாகிறது. இப்படி ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் போதும், அந்தப் படிகம் 'ஒளி பட்டது' என்ற கணக்கில் சேர்ந்துவிடும். இது கண்ணுக்குத் தெரியாது. ரோலை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாலும் படம் தெரியப்போவதில்லை, எல்லாம் பாழாகும் அவ்வளவுதான். ஒளி இப்படிப் படிகத்தில் பதிவது எப்படி என்று 1938இல் ரொனால்டு கர்னி, நெவில் மாட் என்ற இரு இயற்பியலாளர்கள் விளக்கினார்கள்.

பிலிமைக் கழுவும்போது டெவலப்பர் திரவம் அந்த நான்கு அணுப் புள்ளி உள்ள படிகங்களை மட்டும் முழுக்க வெள்ளியாக மாற்றிவிடும். ஒரு படிகத்தில் கோடிக்கணக்கான வெள்ளி அயனிகள் இருக்கின்றன. நான்கு அணு கொடுத்த செய்தி கோடிக்கணக்கான அணுக்களாகப் பெருகுகிறது! அந்த நுண்ணிய வெள்ளித்துகள் கறுப்பாகத் தெரியும். ஒளி படாத படிகங்களை ஹைப்போ என்ற உப்புக் கரைசல் கரைத்து அகற்றிவிடும். ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1819இலேயே ஹைப்போவின் இந்தக் குணத்தைக் கண்டிருந்தார். வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, படாத இடம் தெளிவு. அதனால்தான் நெகட்டிவில் வானம் கறுப்பாகவும் தலைமுடி வெளுப்பாகவும் தெரிகிறது.

கடுகுக்கு இங்கே என்ன வேலை? ஜெலட்டின் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் கிடைப்பது. ஒரு காலத்தில், சில ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியை நன்றாக உணர்ந்தது, சிலவற்றில் செய்தது மந்தமாக இருந்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை. கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர் 1920களில் இதைத் துருவிப் பார்த்தார். மாடுகள் மேய்ந்த கடுகுச் செடி வகைகளில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் நுண்ணிய அளவில் ஜெலட்டினில் தங்கியிருந்தன. அந்தக் கந்தகம் படிகத்தின்மேல் சிறு புள்ளிகளை உண்டாக்க, விடுபட்ட எலக்ட்ரான்கள் அங்கே சிக்கிக்கொண்டன. அரைக்கும்போது மூக்கில் ஏறும் கடுகின் காரத்துக்குக் காரணமும் ஒரு கந்தகச் சேர்மம்தான்.

நம் தமிழ்நாட்டிலேயே பிலிம் செய்தார்கள் என்பது தெரியுமா? 1960இல் உதகமண்டலத்தில் 'இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் புகைப்படத் தாளும் அங்கிருந்து நாடெங்கும் போயின. பிலிமில் ஒரு தூசு ஒட்டினாலும் படத்தில் புள்ளி விழும். நீலகிரியின் குளிர்ந்த, தூசு குறைந்த காற்று இந்தத் தொழிலுக்கு ஏற்றது. ஆலை இப்போது இயங்கவில்லை. ஆனால் நம் ஊர் மருத்துவமனைகளில் எடுத்த எத்தனையோ எக்ஸ்ரே படங்களை ஊட்டி மலைதான் தந்தது.

சிவப்புச் சன்னலும் இரட்டைப் படமும்

ஹோல்காவின் முதுகில் ஒரு சின்னச் சிவப்புச் சன்னல் இருக்கும். அதன் வழியே பார்த்தால் பிலிம் காகிதத்தில் அச்சிட்ட 1, 2, 3 என்ற எண்கள் தெரியும். எத்தனையாவது படம் என்று அறிந்து திருகிக்கொள்ளலாம். ஏன் சிவப்பு? பழைய பிலிம்களுக்குச் சிவப்பு ஒளி தெரியாது. நீலமும் பச்சையும்தான் அவற்றைத் தாக்கும். இன்றைய பிலிம்கள் சிவப்பையும் உணரும். காகிதத்தையும் மீறிக் கடும் வெயில் கொஞ்சம் கசிந்தால் திட்டு விழும். அதனால் எண்ணைப் பார்த்தவுடன் சன்னலின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். மூடியின் இடுக்குகளிலும் டேப் ஒட்டுவோம். ரோலை மாற்றுவதென்றால் நிழலில் நின்றுதான் மாற்றுவோம்.

பிலிமைத் திருகாமலே மறுபடியும் ஷட்டரைத் தட்டினால் ஹோல்கா தடுக்காது. ஒரே இடத்தில் இரண்டு படங்கள் பதியும். இதில் ஒரு சுவையான கூட்டல் கணக்கு இருக்கிறது. முதல் படத்தில் இருட்டாக இருந்த இடத்தில் படிகங்கள் இன்னும் ஒளி படாமல் காத்திருக்கின்றன. இரண்டாவது படம் அங்கே அழகாகப் பதியும். முதல் படத்தில் வெள்ளை வானமாக இருந்த இடத்திலோ ஏற்கெனவே ஒளி நிறைந்துவிட்டது, இரண்டாவது படம் அங்கே எடுபடாது. ஆகவே முதலில் இருண்ட பின்னணியில் ஒருவரின் முகத்தைப் பக்கவாட்டில் எடுங்கள். பிறகு திருகாமல் மரக்கிளைகளை எடுங்கள். இலைகள் எங்கே விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும்!

வீட்டில் செய்து பாருங்கள்

கேமரா இல்லாவிட்டாலும் இந்த அறிவியலைத் தொட்டுப் பார்க்கலாம். ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு வெள்ளைத் தாள், கறுப்பு அட்டை, அளவுகோல் போதும். ஓர் எச்சரிக்கை: உருப்பெருக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, சூரிய ஒளியைக் கையில் குவிக்கவும் கூடாது.

பகலில் ஒரு சன்னலை மட்டும் திறந்து, மற்றவற்றை மூடி, அறையை இருட்டாக்குங்கள். சன்னலுக்கு எதிர்ச் சுவரில் தாளை ஒட்டி, உருப்பெருக்கியைத் தாளுக்கு முன்னால் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வெளியே இருக்கும் மரமும் எதிர்வீடும் தலைகீழாகத் தாளில் தெரியும். அப்போது லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். அது ஏறத்தாழக் குவியத்தூரம்.

இப்போது உற்றுப் பாருங்கள். நடுவில் தெளிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் தெரிகிறதா? தாளின் ஓரங்களை லென்ஸை நோக்கி வளைத்துப் பிடியுங்கள். மங்கல் குறைகிறதா? அடுத்து, கறுப்பு அட்டையின் நடுவே 1 செ.மீ. துளையிட்டு லென்ஸின்மேல் வையுங்கள். பிம்பம் கூர்மையாகும், ஆனால் வெளிச்சம் குறையும். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துவிடுங்கள். உங்கள் கேமராவின் எஃப் எண் தயார்.

பெரியவர்களோடு சேர்ந்து செய்யக்கூடிய இன்னொன்று, காபியில் பிலிம் கழுவுவது! 1995இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் இன்ஸ்டன்ட் காபித் தூளையும் சலவைச் சோடாவையும் கலந்து கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவிக் காட்டினார்கள். வேலை செய்வது காபியில் உள்ள கஃபீயிக் அமிலம். தூக்கத்தை விரட்டும் கஃபீனுக்கு இதில் பங்கில்லை. சலவைச் சோடா தோலை அரிக்கும். ஆகவே கையுறையும் ஆசிரியரின் துணையும் கட்டாயம்.

நோட்டுப் புத்தகம்தான் முக்கியம்

பொம்மைக் கேமராவில் எடுக்கப்பட்ட படங்கள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. நான்சி ரெக்ஸ்ரோத் என்ற அமெரிக்கப் பெண் டயானாவில் எடுத்த படங்களை 1977இல் 'அயோவா' என்ற நூலாக வெளியிட்டார். 1951இல் பெர்ட் ஹார்டி என்ற ஆங்கிலேயப் பத்திரிகைப் படக்காரர், நல்ல படத்துக்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை என்று காட்டுவதற்காகவே ஒரு பிரௌனியோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனார். அங்கே கம்பியில் அமர்ந்திருந்த இரண்டு பெண்களை அவர் எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. அமெரிக்கப் பத்திரிகைப் படக்காரர் டேவிட் பர்னெட் தேர்தல் பிரச்சாரத்தில் அரசியல் தலைவர் அல் கோரை ஹோல்காவில் எடுத்த படத்துக்குப் பரிசு கிடைத்தது.

இவர்கள் எல்லாரும் தங்கள் கேமராவின் குணத்தை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஓரம் மங்கும் என்று தெரிந்தால் முக்கியமானதை நடுவில் வைக்கலாம். மூலை கறுக்கும் என்று தெரிந்தால் அங்கே வெறும் வானத்தை விடலாம். அப்படித் தெரிந்துகொள்ள ஒரே வழி குறிப்பெழுதுவது.

பிலிம் இன்று விலை அதிகம். ஆகவே நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ரோல் வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு மூன்று படம் வரும். தட்டுவதற்கு முன்பே நோட்டில் எழுதுங்கள்: வெயிலா மேகமா, எத்தனை மீட்டர் தூரம், எந்தப் படக்குறியில் வைத்தேன், படம் எப்படி வரும் என்று நினைக்கிறேன். இந்தக் கடைசி வரிதான் உயிர். செல்பேசியில் முடிவு உடனே தெரிந்துவிடுவதால் நாம் கணிப்பதே இல்லை. பிலிம் கழுவி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், என்ன நடக்கும் என்று முதலில் யோசித்தாக வேண்டும். கணிப்பு, சோதனை, ஒப்பீடு: அறிவியலாளர்கள் ஆய்வகத்தில் செய்வதும் இதே வேலைதான். கணிப்பு தவறினால் மகிழுங்கள், அங்கேதான் புதிதாக ஒன்றைக் கற்கப்போகிறீர்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். ஹோல்காவோடு ஒரு செவ்வகச் சட்டம் வரும். அதை உள்ளே பொருத்தினால் 12 சதுரப் படங்களுக்குப் பதில் 56 மி.மீ. நீளமும் 42 மி.மீ. அகலமும் கொண்ட 16 படங்கள் கிடைக்கும். அப்போது மூலைகளில் நடுவைவிட எத்தனை மடங்கு ஒளி விழும்? மேலே சதுரத்துக்குப் போட்ட அதே வழியில் போடுங்கள். ஒரு துப்பு: நடுவிலிருந்து மூலைக்குத் தூரம் சரியாக 35 மி.மீ. வரும். விடை கிடைத்ததும், சட்டத்தோடு எடுத்த படத்தின் மூலை சதுரப் படத்தின் மூலையைவிட வெளுத்திருக்குமா, கறுத்திருக்குமா என்று நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு ரோலைக் கழுவக் கொடுங்கள்.